ஒட்டிக்கொண்டவை

குருவிடமிருந்து சீடனுக்கு வித்தை மட்டுமா வருகிறது? அவர் தொண்டையைச் செருமும் விதம், தலையை ஆட்டும் விதம் எல்லாமே கூட வந்துவிடும். சில சமயம் வரக்கூடாததும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜாக்கி மக்லீனுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர் 1931இல் நியூயார்க்கில் பிறந்தவர். வளர்ந்தது ஹார்லெமில். அவருடைய மாற்றாந்தந்தை இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். ஒருநாள் அங்கே வந்த ஒரு பையன், "பியானோ மேதை பட் பவல் என் அண்ணன்தான்" என்றான். ஜாக்கி நம்பவில்லை. அவன் வீட்டுக்கே அழைத்துப் போய்க் காட்டினான். அன்று அறிமுகமான பட் பவலே பிறகு ஜாக்கிக்கு ஆசானானார். இருபது வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டில் ஜாக்கி வாசித்தாயிற்று.

ஆனால் அவர் மனதில் குருவாக இருந்தவர் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர். பார்க்கரின் வாசிப்பைக் கேட்டு மயங்கிய அந்தத் தலைமுறை, அவருடைய ஹெராயின் பழக்கத்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. பதின்ம வயதிலேயே ஜாக்கியும் அதில் விழுந்தார். தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் கெடுகிறார்களே என்று பார்க்கருக்கே மனம் உறுத்தியிருக்கிறது. ஒருமுறை நடுத்தெருவில் குனிந்து நின்று, "இந்த நிலைக்கு உன்னை வரவிட்டதற்காக என்னை உதை" என்று ஜாக்கியிடம் சொன்னாராம். பின்னாளில் ஜாக்கியே சொன்னது இது. 1955இல் பார்க்கர் இறந்தபோது வயது 34. அப்போதும் ஜாக்கியின் பழக்கம் விடவில்லை.

அன்றைய நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் வாசிக்கப் போலீஸ் தரும் அட்டை வேண்டும். போதை வழக்கில் ஜாக்கிக்கு அது பறிபோனது. கச்சேரி போனால் சோறு போயிற்று. மிஞ்சியது ஒலிப்பதிவுக் கூடம்தான். எலுமிச்சையைக் கடித்தாற்போல் சுளீரென்று ஒலிக்கும் அவருடைய வாசிப்பை இன்று நாம் இவ்வளவு கேட்க முடிவதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில், பழக்கத்திலிருந்து மீண்டபின், ஹார்ட்ஃபோர்டு நகரத்துக்கு ஆசிரியராகப் போனார். 1970இல் மனைவி டாலியோடும் நண்பர்களோடும் சேர்ந்து அங்கே 'ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ்' என்ற கலைக்கூடத்தைத் தொடங்கினார். தெருவும் போதையும் இழுக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இசை, நடனம், நாடகம், ஓவியம் எல்லாம் அங்கே உண்டு. பார்க்கரிடம் தான் பெற்ற இரண்டில் எதைக் கொடுப்பது, எதைத் தன்னோடு நிறுத்துவது என்று அவர் தெளிவாக இருந்தார் என்றே நினைக்கிறேன். ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய இசைத்துறைக்கு 2000ஆம் ஆண்டு அவர் பெயரையே சூட்டினார்கள். 2006இல் காலமானார்.

தொண்ணூறுகளில் அவர் குழுவோடு மேடை ஏறியபோது, டிராம்போன் வாசித்த ஸ்டீவ் டேவிஸ் அவரிடமே படித்தவர். டிரம்ஸ் வாசித்த எரிக் மக்ஃபர்சனும் அப்படித்தான்.