தோன்றா எழுவாய்

ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்வார்கள்: "துடைக்கத் துடைக்க மெருகேறும்." மெருகேறுவது தரை. துடைப்பது யார்? இலக்கண வகுப்பில் தோன்றா எழுவாய் என்று சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லில் வராது, ஆனால் வினையைச் செய்வது அதுதான்.

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமெண்டும் இட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது. மேற்பரப்பின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தருவது. இதைச் செய்பவரின் கையைக் கைவினை என்கிறோம். அதே பளபளப்பை ஐம்பது வருடம் காப்பாற்றும் கையை என்னவென்று சொல்கிறோம்? வீட்டு வேலை.

எங்கள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூரின் சிமெண்ட். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் அந்தக் கடலின் உயிர்களைக் கல்லாகப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்தில், காலையில் பெருக்கிய திண்ணையில் மதியம் மறுபடியும் தூசி. ஊருக்கெல்லாம் தரை போட்டுத் தரும் மண்ணிலும் துடைப்பத்தை எடுப்பவள் பெண்தான்.

பழைய சாணித் தரையே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் குனிந்து மெழுகியதும் பெண்கள்தான். டைல்ஸ் வந்தபின் மாப் வந்தது, நின்றபடி துடைக்க முடிந்தது. ஆனால் வேலை இலகுவானபோது எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. மண் தரையில் யாரும் முகம் பார்க்க நினைக்கவில்லை. இன்று கூடத்துத் தரையில் முகம் தெரியவேண்டும்.

எங்கள் கூடத்துக்கு வெள்ளை டைல்ஸைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அட்டையைப் புரட்டி, கடைக்கு இரண்டு முறை போய், கணவரோடு வாதாடி வாங்கினேன். வீட்டில் என் விருப்பம் நடந்தது என்று மகிழ்ந்தேன். சில மாதம் கழித்து, வேலைக்கு வரும் அக்கா துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளையில ஒத்த முடி கிடந்தாலும் தெரியுது டீச்சர். கருப்புன்னா தண்ணிக் கறை தெரியும். பழைய வீட்டு மொசைக் மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா ஒண்ணும் தெரியாது."

தரையைப் பற்றி அந்த வீட்டில் மிக அதிகம் அறிந்தவர் அவர். நான் அவரிடம் கேட்கவே இல்லை. நிறம் எனக்கு ரசனை, அவருக்கு இடுப்பு வலி. எழுவாயின் இடத்திலிருந்து நான் விலகியபோது அந்த இடம் காலியாகவில்லை. இன்னொரு பெண் அங்கே வந்திருந்தார். என் விடுதலையை நான் கொஞ்சம் அவர் கணக்கில் எழுதியிருந்தேன்.

அழகை அனுபவிப்பது ஒருவர், அதற்கு உழைப்பது இன்னொருவர் என்றால் அந்த அழகு தவறா? தவறு அழகில் இல்லை. உழைப்பவரைச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. சொல்லாமல் விட்டதற்குக் கூலி பேச வேண்டியதில்லை, விடுமுறை தர வேண்டியதில்லை, நன்றியும் வேண்டியதில்லை. 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் வந்தது. 2011இல் உலகத் தொழிலாளர் அமைப்பு அவர்களுக்கென்றே 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது; இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. மறைந்த எழுவாயைச் சட்டத்தின் வாக்கியத்தில் எழுதும் முயற்சிகள் இவை. வீட்டுக்குள் பேசும் வாக்கியத்தை நாம்தான் திருத்தவேண்டும்.

அக்காவுக்கு இப்போது வாரம் ஒருநாள் விடுமுறை. அன்று என் மகனும் கணவரும் முறைவைத்துத் துடைக்கிறார்கள். முதல் வாரமே மகன் கேட்டான்: "யாரும்மா இந்த வெள்ளைய வாங்கினது?"

நான்தான் என்றேன்.