கலப்பையை எரித்துச் சமைத்த விருந்து

(பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு: 1 அரசர் 19, லூக்கா 9)



இன்றைய முதல் வாசகத்தில் எலிசா என்ற உழவர் தம் கலப்பையை விறகாக்குகிறார். எலிசாவின் வயலில் பன்னிரண்டு ஏர் ஓடுகிறது. பன்னிரண்டாவது ஏரை அவரே பிடித்திருக்கிறார். அந்தப் பக்கமாக வந்த இறைவாக்கினர் எலியா தம் போர்வையை எடுத்து அவர்மேல் போடுகிறார். இது ஓர் அழைப்பு என்று எலிசாவுக்குப் புரிந்துவிடுகிறது. அம்மா அப்பாவை முத்தமிட்டுச் சொல்லிவிட்டு வருகிறேன் என்கிறார். திரும்பி வந்ததும், தாம் ஓட்டிய மாடுகளையே அடித்து, அந்தக் கலப்பையையே எரித்துச் சமைத்து, கூட இருந்தவர்களுக்குப் பரிமாறுகிறார்.

இந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம், "எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்" என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர் விட்டது எங்கே போனது என்று பார்ப்பதில்லை. அது மக்களின் வயிற்றுக்குப் போனது. அதுநாள்வரை எலிசாவுக்குச் சோறு போட்ட மாடும் கலப்பையும் அன்றைக்குப் பிறருக்கு விருந்தாயின. இன்று உங்களோடு நான் பேச விரும்புவது அந்த விருந்தைப் பற்றித்தான்.

இதை எனக்கு விளங்க வைத்தது ஒரு நடிகையின் வாழ்க்கை. அவர் பெயர் டோலோரஸ் ஹார்ட். 1938இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தவர். பெற்றோரின் மணவாழ்க்கை நிலைக்கவில்லை. குழந்தை பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. தாத்தா ஒரு திரையரங்கில் படம் ஓட்டும் ஆபரேட்டர். ஆபரேட்டர் அறையில் அவர் கண்ணயரும்போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்ன ஜன்னல் வழியே படம் பார்ப்பாள். தாத்தாவின் தூக்கம் கலையக்கூடாது என்று ஒலியை வைக்கமாட்டார்கள். ரீல் முடியும் நேரம் பார்த்துத் தாத்தாவை எழுப்பிவிடுவது அவள் வேலை. சத்தமே இல்லாத அந்தத் திரையில் முகங்களைப் பார்த்துப் பார்த்தே, ஒரு மனிதர் என்ன நினைக்கிறார் என்று அவள் படித்துக்கொண்டாள். அமைதியில் கவனிப்பது அவளுடைய முதல் பள்ளிக்கூடம். பத்து வயதில் கத்தோலிக்கத் திருமறையில் சேர்ந்தாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1957இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியோடு முதல் படம். அடுத்த ஆண்டே அவரோடு இன்னொன்று. 1958இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நாடகம். அதற்காக நாடக உலகின் பெரிய விருதான டோனிக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அப்போது வயது இருபதுதான். அந்த நாடகம் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தபோது உடலும் மனமும் களைத்துப்போயின. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று ஒரு தோழி சொல்லி, கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லகேம் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே ரெஜினா லாவுதிஸ் என்று ஒரு பெனடிக்ட் சபைத் துறவு மடம். அந்த அடைப்பு மடத்தின் அருள்சகோதரிகள் வயல்வேலை செய்கிறார்கள், மாடு வளர்க்கிறார்கள், பகலிலும் இரவிலும் இலத்தீனில் இறைப்புகழ் பாடுகிறார்கள். அந்த இடம் அவர் உள்ளத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்னையர் அவரை உடனே ஏற்கவில்லை. இன்னும் சின்ன வயது, போய் உன் படங்களை நடி என்று அனுப்பிவிட்டார்கள். அழைப்பு நிஜமாக இருந்தால் காத்திருக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

1961இல் வெளிவந்த புனித அசிசியாரைப் பற்றிய படத்தில் அவர் புனித கிளாராவாக நடித்தார். அந்தப் படத்துக்காக இத்தாலியில் இருந்தபோது திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்திக்க வாய்ப்பு கிடைத்தது. நான் கிளாராவாக நடிக்கும் நடிகை என்று தம்மை அறிமுகப்படுத்தினார். திருத்தந்தையோ, அப்படியல்ல, நீயே கிளாரா என்றாராம். இதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். எலியாவின் போர்வை எப்படி வந்து விழுகிறது பாருங்கள்! எலிசாவின் தோளில் அவர் உழுதுகொண்டிருக்கும்போதே விழுந்தது. இந்தப் பெண்ணின் தோளில் அவர் நடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

1963. இருபத்து நான்கு வயது. அதுவரை நடித்தவை ஏறக்குறைய பத்துப் படங்கள். டான் ராபின்சன் என்ற நல்ல மனிதரோடு நிச்சயதார்த்தம் முடிந்து, திருமண ஏற்பாடுகள் நடக்கின்றன. அந்த நேரத்தில்தான், தம் உள்ளம் மடத்தை நாடுகிறது என்ற உண்மையை டோலோரஸ் டானிடம் சொன்னார். கடைசிப் படத்தின் விளம்பரத்துக்காக நியூயார்க் வந்தவர், அங்கிருந்து நேரே மடத்துக்குப் போனார். தாத்தாவின் அறையில் அவர் கற்றது ஒன்று உண்டு: ஒரு ரீல் முடிந்துவிட்டது என்றால் கதை முடிந்துவிட்டது என்று பொருளல்ல, அடுத்த ரீலை மாட்ட யாராவது விழித்திருக்க வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, சினிமா பாவம், மடம் புண்ணியம் என்று சொல்ல நான் இந்தக் கதையை எடுக்கவில்லை. அவர் தம் கலையை வெறுத்து ஓடியவரே இல்லை. மடத்தில் சேர்ந்த பிறகும் ஆஸ்கார் விருது வழங்கும் அமைப்பில் வாக்குரிமையுள்ள உறுப்பினராக நீடித்தார். நம் வீடுகளில் ஒரு பெண் பிள்ளை மடத்துக்குப் போக விரும்பினால், "நல்லா படிச்ச பொண்ணு, எல்லாம் வீணாகப் போகுதே" என்று ஒரு தாய் அழுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் வீண் என்ற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. கடவுளின் வீட்டில் எதுவும் வீணாவதில்லை.

அந்த மடத்தின் நிலத்தில் இன்று ஒரு திறந்தவெளி நாடக அரங்கு இருக்கிறது. அது உருவாகக் காரணம் டோலோரஸ் அன்னை. நடிகர் பால் நியூமன் விளக்குகளுக்கு உதவினார். கோடையில் சுற்றுவட்டார மக்கள் சேர்ந்து அங்கே இசை நாடகம் போடுவது வழக்கமானது. அடைப்பு மடத்தின் சுவரை ஒட்டி ஒரு மேடை! எலிசாவின் கலப்பை எரிந்து, ஊருக்குப் பந்தி விரிக்கப்பட்ட இடம் அதுதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பாட்ரிசியா நீல் என்ற புகழ்பெற்ற நடிகை. ஆஸ்கார் வாங்கியவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், பக்கவாதத்தால் பேச்சையும் நடையையும் இழந்து மீண்டும் கற்றவர். உடைந்த மனத்தோடு அவர் அடைக்கலம் தேடிய இடங்களில் ஒன்று இந்த மடம். மேடையின் வெளிச்சத்தையும் அது அணைந்தபின் வரும் இருட்டையும் அறிந்த ஒருவர் அங்கே கதவுக்குப் பின்னால் இருந்தார். நீல் 2010இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் திருமறையில் சேர்ந்தார். அந்த மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

டோலோரஸ் அன்னையை நரம்பு நோய் ஒன்று வாட்டியது. அப்போதும் அந்தப் பழைய முகம் பிறருக்குப் பயன்பட்டது. மடத்தில் சேர்ந்து 43 ஆண்டுகளுக்குப் பின், 2006இல், அதே நோயால் துன்புறுவோருக்காகக் குரல் கொடுக்க அவர் வெளியே வந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது.

"கலப்பையில் கை வைத்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நற்செய்தியில் ஆண்டவர் சொல்கிறாரே, சாமி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, அன்னை பிரிந்து வந்த டான் ராபின்சனைப் பாருங்கள். அவர் வேறு யாரையும் மணக்கவில்லை. 2011இல் இறக்கும்வரை, ஏறக்குறைய 48 ஆண்டுகள், அவர் ஆண்டுதோறும் அந்த மடத்துக்கு வந்து அன்னையைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் கொடுத்த விலையைச் சின்னதாக எண்ணிவிடக்கூடாது. ஓர் அழைப்புக்கு விலை கொடுப்பவர் அழைக்கப்பட்டவர் மட்டுமல்ல. வீட்டில் இருக்கிறவர்களும் கொடுக்கிறார்கள். எலிசா முத்தமிட்டுப் பிரிந்த தாயும் தந்தையும் கொடுத்தார்கள். ஆண்டவர் எச்சரிப்பது, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கத் துடிக்கும் பார்வையைத்தான். நேசித்தவர்களை நெஞ்சில் வைத்துச் செபிக்கும் பார்வை முன்னோக்கிய பார்வைதான்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் ஏர் எது? பணி ஓய்வு பெற்ற ஆசிரியரே, முப்பது வருடம் பிடித்த சுண்ணக்கட்டி இப்போது எங்கே? உபதேசியார் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்! தையல் தெரிந்த அக்கா, கணக்குத் தெரிந்த அண்ணன், கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாவாக நடித்துவிட்டு இப்போது மேடைப் பக்கமே வராத தங்கச்சி, உங்களிடம் இருப்பதை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எல்லாருக்கும் மடம் அழைப்பல்ல. பரிமாறுவது எல்லாருக்கும் அழைப்பு.

இன்னும் சற்று நேரத்தில் காணிக்கைப் பவனி வரும். அப்பமும் இரசமும் பீடத்துக்கு வரும். யாரோ உழுத நிலம், யாரோ அறுத்த கோதுமை, யாரோ பிழிந்த திராட்சை. நம் கைவேலை அவர் உடலாகித் திரும்பி நமக்கே உணவாகிறது. அந்தத் தட்டில் உங்கள் கலப்பையையும் மனதார வையுங்கள். அமைதியாக இருந்து, அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

ஆமென்.