இழுவை போதல

அக்கா மகன் ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 வாங்கியிருக்கிறான். தேனிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஜீப். பெயின்ட் அடித்து, அகலமும் உயரமுமான டயர் போட்டு, பம்பரில் விளக்குகள் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் என்னிடம் வந்தான். “மாமா, இழுவை போதல. இன்ஜினை மாத்திரலாம்னு இருக்கேன்.”

என்ன இன்ஜின் என்று கேட்டேன். 2010இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் சி.ஆர்.டி.இ. டீசல். பழையதில் 62 குதிரைத்திறன், இதில் 105. இவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவன். அது ஒன்றும் குறையில்லை, பிடித்தால் வந்துவிடும். எனக்குள் உறுத்தியது வேறு: இந்த வண்டி எதற்குப் போதவில்லை?

இதன் முன்னோடியான, 1941இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வில்லிஸ் ஜீப்பின் திறன் 60. நாற்பது வருடம் கழித்து, பெஜோ உரிமத்தில் இங்கே செய்த 2112 சி.சி. டீசல் இன்ஜின் தந்தது 62. அதை வைத்துக்கொண்டுதான் போடியிலிருந்து விடிவதற்குள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இந்த வண்டிகள் ஏறின. ஹைலோ லீவரை லோவில் தட்டினால் சக்கரத்துக்குப் போகும் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். வேகம் அதே அளவு குறையும். மலைக்கு வேண்டியது அதுதான். அந்த டிரைவர்களிடம் பேசிப் பாருங்கள்: பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை என்று புலம்புவார்கள். குதிரைத்திறனைப் பற்றி ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பட்டறைக்கு அவனோடு நானும் போனேன். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். ரிங்கும் லைனரும் தேய்ந்திருந்தால் அங்கே புகை குப்குப்பென்று அடிக்கும். லேசாக மூச்சு மட்டும் வந்தது. பிறகு ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றினார். பின்பக்கத்தில் ஒன்று அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் ஷூ பிடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் டேப்பை எடுத்து டயரின் உயரத்தை அளந்தார்.

“தம்பி, இன்ஜின் அது பாட்டுக்குத்தான் இருக்கு. நீங்க போட்ட டயரு வந்து ஏறி உக்காந்துருச்சு.”

சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகிறது. அந்தத் தூரத்துக்கான விலையை இழுவையில் கொடுக்க வேண்டும். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் இழுவையும் கிட்டத்தட்ட அந்த அளவு போய்விடும். மூன்று மாதத்துக்கு முன் அழகுக்காக மாட்டிய டயரை அவன் மறந்துவிட்டான். அது வண்டியின் இயல்பாகிவிட்டது. குறை மட்டும் இன்ஜின் பெயரில் நிற்கிறது.

எனக்குத் தெரிந்த பல வீடுகளில் சம்பளம் போதாமல் போகும் கதையும் இதுதான். பெரிய வீட்டுக்குக் குடிபோன மாதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புது வீடு இயல்பாகி, பழைய வேலை குறையாகிவிடும். வேலை மாறியதும் தூரம், தூரத்துக்கு ஒரு கார், கார் ஓட்டி இடுப்பு வலி.

சி.ஆர்.டி.இ. போட்டால் நடப்பதும் அந்த வரிசைதான். முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. முதலில் கிளட்ச் நழுவும். அதைக் கனமாக்கினால் அடி கியர்பாக்ஸுக்குப் போகும், அங்கிருந்து ஜாயிண்டுக்கு, பின் ஆக்சிலுக்கு. ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். முன்ஸ்பிரிங் தாழ்ந்தால் பள்ளத்தில் ஆயில் சம்ப் ஆக்சிலில் இடிக்கும். பழைய இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும்; புதியது சென்சாரும் கம்ப்யூட்டரும் சொன்னால்தான் ஓடும். பூஸ்டர் இல்லாத டிரம் பிரேக்கை மறக்கக் கூடாது. மணிக்கு 60 கி.மீ.யில் போகும் வண்டி 90இல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. வண்டி நிறுவனம் செய்து கொடுத்தபடியே இருக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வகை இன்ஜின் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம். வேறு வகை என்றால் ஆர்.சி. புக்குக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லாமல் போகும்.

ஆனால் இருப்பதே போதும் என்று அவனுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவன் ஆசையில் நியாயமும் இருக்கிறது. இந்த ஜீப் பிறந்தபோது லாரி, பஸ், அம்பாசடர் எல்லாம் இதன் வேகத்தில்தான் போயின. இன்று திண்டுக்கல் நாற்கரச் சாலையில் 60இல் போனால் பின்னால் ஹாரன் அடித்தே ஓரங்கட்டிவிடுகிறார்கள். வண்டி பழையபடிதான் ஓடுகிறது, ரோடு வேகமாகிவிட்டது. வங்கியில் முப்பது வருடம் நன்றாகக் கணக்கெழுதியவர் செல்போன் செயலி முன்னால் திகைக்கும்போது அவரிடம் எதுவும் குறைந்துவிடவில்லை. இருந்தும் அவர் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். எதை மாற்றிக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதற்கு அவருக்கும் மெக்கானிக்கைப் போல யாராவது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைசியில் இன்ஜினை மாற்றவில்லை. டீசல் பம்பும் நாசிலும் சர்வீஸுக்குப் போயின. பிரேக் முழுக்கப் பிரிக்கப்பட்டது. அந்த வேலையை அவனே செய்தான், கையெல்லாம் கிரீஸ். பழைய அளவு டயருக்குத் திரும்பலாமே என்றேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்றான். அப்படியென்றால் கிரவுன்–பினியனை மாற்றி இழுவையை மீட்கலாம் என்றார் மெக்கானிக். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் போட வேண்டும். பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் பை ஃபோர் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும். செலவு இரட்டிப்பு. “எழுபதுக்கு மேல போனா இன்ஜின் கத்தும் தம்பி, பரவாயில்லையா?” என்று கேட்டார்.

“கத்தட்டும்ணே.”

டயருக்கான விலையை இப்போது தெரிந்தே கொடுக்கிறான். எழுபதுக்கு மேல் போகாது என்று கேள்விப்பட்டதும், இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அக்கா, கிரவுன் செலவில் பாதியை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.