பேராசிரியருக்குப் புள்ளி போடுவது

தவணை முடிவில் எமது பிள்ளைகளிடம் ஒரு படிவம் நீட்டப்படுகின்றது. விரிவுரையாளர் தெளிவாக விளக்கினாரா, பாடத்தில் ஆர்வத்தை ஏற்படுத்தினாரா, மாணவரை மதித்தாரா, மொத்தத்தில் இவருக்கு ஐந்தில் எத்தனை? பெயர் எழுதத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை. எமக்கு அப்படியல்ல. வாத்தியாரின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டாலே விளையாட்டை விட்டு ஓடி ஒளித்த தலைமுறை நாம். அவருக்கு ஐந்தில் மூன்று போடலாம் என்ற எண்ணம் எமது கனவிலும் வந்ததில்லை. படிப்பிக்கப்படுகின்றவர் படிப்பிப்பவரைத் தீர்ப்பிடலாமா? தீர்ப்பிடுவதென்றால் எதை வைத்து, எந்த முகத்தோடு?

எமது மரபு ஆசிரியரை மதிப்பிட்டதேயில்லை என்று சொல்வது பாதி உண்மைதான். நன்னூலின் பாயிரம் நல்லாசிரியர் யார் என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை, ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் சொல்கின்றது. அதற்கு அது எடுத்துக்கொள்ளும் உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றி வளர்ப்பவன் ஒருவன், மரமோ வளைந்துபோய் அடுத்த வளவுக்குள் தேங்காயை விழுத்துகின்றது. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இன்னொன்று கருக்கு மட்டையோடு நிற்கும் பனை. அதில் ஏற முடியாது, தானாக விழுவதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கூர்மையான தீர்ப்புகள்தான். ஆனால் அவற்றை எழுதியவர் இலக்கண ஆசிரியரான பவணந்தி, மாணாக்கர் அல்லர். அதே பாயிரம் மாணாக்கரையும் அன்னம் தொடக்கம் எருமை வரை தரம்பிரித்து வைத்திருக்கின்றது.

மேற்கில் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்களில் ஒருவர் பொருளியலின் தந்தை என்று சொல்லப்படும் அடம் ஸ்மித். 1740இலிருந்து 1746வரை ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர் அவர். அங்கிருந்த பேராசிரியர்களுக்குக் கட்டளைச் சொத்துக்களிலிருந்து சம்பளம் நிச்சயமாக வந்துகொண்டிருந்தது. ஆகவே அவர்களிற் பெரும்பாலோர் படிப்பிக்கின்ற பாவனையைக்கூட விட்டுவிட்டார்கள் என்பது ஸ்மித்தின் குற்றச்சாட்டு. 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் இதைப் பற்றிக் காரமாகவே எழுதினார். ஆசிரியரின் வருமானத்தில் ஒரு பங்காவது மாணவர் கொடுக்கும் கட்டணத்திலிருந்து வரட்டும், ஒழுங்காகப் படிப்பிப்பவரின் வகுப்புக்கு மாணவரை வருமாறு கட்டாயப்படுத்தத் தேவையிராது என்பது அவரது வாதம். கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தபோது அவரே அப்படிக் கட்டணம் வாங்கியவர்தான். ஊரில் ரியூட்டரிகளைப் பார்த்த எமக்கு இது புதிய சங்கதியல்ல. எந்த மாஸ்ரரின் கொட்டிலில் வாங்கு நிறைந்திருக்கின்றது, எவருடைய கொட்டிலில் காற்றாடுகின்றது என்று ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

ஸ்மித்தின் பெயரால் படிப்பிக்கப்படும் பாடத்திலிருந்தே மாணவர்கள் எழுந்து வெளியேறிய நிகழ்ச்சி ஒன்று இருக்கின்றது. 2011 நவம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம். பேராசிரியர் கிறெகறி மன்கியூ நடத்திய பொருளியல் அறிமுகப் பாடத்துக்கு அவ்வருடம் ஏறத்தாழ 700 மாணவர்கள் பதிந்திருந்தனர். அவர்களில் 70 பேரளவில் விரிவுரை நடக்கும்போதே வெளியேறினர். மன்கியூ சாதாரணமானவரல்லர். 2003இலிருந்து 2005வரை ஜோர்ஜ் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் சபைக்குத் தலைவராக இருந்தவர். அவருடைய பாடநூல் உலகின் பல நாடுகளில் முதல் வருட மாணவர்களின் கையில் இருக்கின்றது. வோல் வீதியை ஆக்கிரமிப்போம் என்ற இயக்கம் அப்போது நடந்துகொண்டிருந்தது. வெளியேறியவர்கள் பேராசிரியருக்கு ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார்கள்.

கடிதத்தின் குற்றச்சாட்டு அவர் மோசமாகப் படிப்பிக்கின்றார் என்பதல்ல. அவர் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பிக்கின்றார் என்பது. மூலநூல்கள் வாசிக்கத் தரப்படுவதில்லை, ஆய்வுக் கட்டுரைகள் மிக அருமை, கேய்ன்ஸின் கோட்பாட்டைவிட ஸ்மித்தினுடையதே அடிப்படையானது என்பதுபோல் காட்டுவதற்கு நியாயமில்லை, இங்கு படித்து வெளியேறுபவர்கள்தான் நாளைக்கு வங்கிகளையும் அரசாங்கங்களையும் நடத்தப்போகின்றவர்கள். இதுதான் சாரம்.

மன்கியூ அடுத்த மாதம் நியூயோர்க் ரைம்ஸில் பதில் எழுதினார். மாணவர்கள் போதிய விபரம் அறியாதவர்கள் என்று கவலைப்பட்டார். அவர்கள் வெளியேறிய அன்றைய விரிவுரையின் பொருளே வருமானப் பகிர்வும் அதிலுள்ள ஏற்றத்தாழ்வும்தான் என்றும் சுட்டிக்காட்டினார். அவருடைய பக்கத்தில் இன்னொரு நியாயமும் இருந்தது. அந்தப் பாடம் ஒரு வருடப் பாடம். முதல் அரையாண்டு சந்தைகளும் விலைகளும், இரண்டாம் அரையாண்டுதான் வேலையின்மையும் பணவீக்கமும். கேய்ன்ஸ் வரவேண்டிய இடம் இரண்டாம் பகுதி. நவம்பரில் எழுந்து போனவர்கள் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. அத்தோடு பொருளியலாளர் மத்தியில் மன்கியூ புதிய கேய்ன்சியர் என்றே அறியப்பட்டவர், வீட்டு நாய்க்குக்கூடக் கேய்ன்ஸ் என்று பெயர் வைத்திருந்தவர்.

இத்தோடு மாணவரை விட்டுத்தள்ளிவிடலாமா? நாம் அப்படி நினைக்கவில்லை. எது முதலில் வருகின்றது, எது பிறகு வருகின்றது என்பதே ஒரு கருத்துத்தான். முதல் ஆறு மாதம் சந்தை தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ளும் படத்தைக் கீறிக்கீறிப் பழகிய பிள்ளைக்கு, அது சமப்படாத நிலை பிறகு ஒரு விதிவிலக்காகத்தான் தெரியும். சிங்கள வேந்தர்களின் வெற்றிகளில் தொடங்கும் வரலாற்றுப் புத்தகத்தில், பதினைந்தாவது அத்தியாயத்தில் யாழ்ப்பாண இராச்சியத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் அது சரிதானே என்று எவராவது எமக்குச் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? மாணவரின் கடிதம் விபரத்தில் பலவீனமானது, உணர்ந்ததில் பிழையானதல்ல. 2003இலும் அங்கே இதே மனக்குறை மனுவாக வந்து, ஸ்ரீபன் மார்க்ளின் என்ற பேராசிரியர் மாற்றுப்பாடம் ஒன்றை நடத்தினார். 2000ஆம் ஆண்டு பாரிஸில் பொருளியல் மாணவர்கள் வெளியிட்ட கடிதத்தை அரசாங்கமே கவனத்தில் எடுத்து, பொருளியலாளர் ஃபித்தூசியிடம் அறிக்கை கேட்க வேண்டி வந்தது.

ஆனால் ஒன்று. பத்தொன்பது வயதில், ஒன்பது கிழமைப் படிப்போடு, ஒரு துறை முழுவதும் ஒருபக்கச் சார்பானது என்று சொல்வதற்கு எங்கிருந்து அறிவு வந்தது? துறையை அறிந்தவர்தான் அதன் குறையையும் அறிவார். அறிந்தவரோ ஏற்கெனவே அதற்குள் பழக்கப்பட்டுப்போனவர். இந்த முடிச்சுக்கு முழுமையான அவிழ்ப்பு இல்லை. மக்ஸ் வேபர் — அவரும் பொருளியல் பேராசிரியராக இருந்தவர் — 1917இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் இதைத் தொட்டுச் சென்றார். விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவார், மாணவர் மௌனமாக இருக்க வேண்டும். ஆகவே எதிர்த்துப் பேச முடியாதவர்கள் முன்னால் தன் அரசியலை விற்பது பொறுப்பற்ற செயல் என்றார். அதே உரையில், ஆசிரியரைச் சுற்றிக் கூட்டம் சேர்வது பெரும்பாலும் அவரது சுபாவம், குரலின் ஏற்ற இறக்கம் போன்ற வெளிக் காரணங்களால்தான் என்றும் சொன்னார். ஸ்மித்துக்கு ஒரு பதிலாகவும் அதைக் கொள்ளலாம்.

வேபர் சொன்னது சரியென்று காட்டுவதுபோல் பிறகு பல ஆராய்ச்சிகள் வந்தன. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘கலாநிதி ஃபொக்ஸ்’ என்ற பெயரில் மேடையேற்றினார்கள். அவர் தனக்கு ஒன்றுமே தெரியாத விடயத்தில், முன்னுக்குப்பின் முரணாக, ஆனால் மிக இனிமையாகப் பேசினார். கேட்டவர்கள் மனநல மருத்துவரும் உளவியலாளரும் போன்ற படித்த மனிதர்கள். அவர்கள் நல்ல புள்ளி போட்டுக் கொடுத்தார்கள். 2010இல் கரல், வெஸ்ற் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க விமானப்படைக் கல்லூரியின் கணித வகுப்புகளை ஆராய்ந்தார்கள். அங்கே எந்த மாணவர் எவரிடம் படிப்பார் என்பது எழுந்தமானமாகத் தீர்மானிக்கப்படுகின்றது. முதற்பாடத்தில் மாணவரிடம் கூடுதலான பாராட்டுப் பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள், அடுத்த உயர்பாடங்களில் பின்தங்கினார்கள். கசப்பாகப் படிப்பித்தவர்களின் மாணவர்கள் பின்னால் நன்றாகச் செய்தார்கள். அப்போது கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன புள்ளி போட்டிருப்பார்கள் என்பதுதான் எமக்குத் தெரியுமே.

எம்மை அதிகம் தைத்தது 1992இல் டொனால்ட் றூபின் வெளியிட்ட ஆய்வு. ஓர் அமெரிக்கப் பெண்ணின் குரலில் பதிவுசெய்த விரிவுரையை இரண்டு குழு மாணவருக்குப் போட்டுக்காட்டினார். ஒரு குழுவுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்ணின் படம். மற்றக் குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குரலில் அந்நிய உச்சரிப்பைக் கேட்டார்கள். விரிவுரையிலும் அவர்களுக்குக் குறைவாகவே விளங்கியது. காது கேட்காததைக் கண் கேட்டிருக்கின்றது. இந்த நாடுகளில் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த எவருக்கும் இந்த ஆராய்ச்சி அதிசயமாக இராது.

இனி அந்தப் படிவத்தைப் பார்ப்போம். 1920களில் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம் இது. இன்று அதன் சராசரி, புள்ளிக்குப் பின் இரண்டு தசமதானங்களோடு, ஆசிரியரின் கோவைக்குள் போய் இருக்கின்றது. மன்கியூ போன்ற நிரந்தரப் பேராசிரியரை அது ஒன்றும் செய்யாது. வெளிநடப்பின் பின்னரும் 2019வரை அவர்தான் அந்தப் பாடத்தை நடத்தினார். அடிவிழுவது வேறு இடத்தில். நான்கு மாத ஒப்பந்தத்தில், ஒரு வளாகத்திலிருந்து இன்னொரு வளாகத்துக்கு பஸ்ஸில் ஓடி, முதல் வருடப் பொருளியல் படிப்பிக்கும் விரிவுரையாளர் இருக்கின்றார். பெரும்பாலும் எம்மைப்போல வேறெங்கோ இருந்து வந்தவர். அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கு 3.4க்கும் 3.9க்கும் இடையில் பெரிய தூரம். 2018இல் ரொறன்ரோவின் ரைர்சன் பல்கலைக்கழக வழக்கில் — 2022இல் அது ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் என்று பெயர் மாறிற்று — நடுவர் வில்லியம் கப்லன், பதவி உயர்வுக்கும் நிரந்தர நியமனத்துக்கும் கற்பித்தலின் தரத்தை அளக்க இந்தப் புள்ளிகளைப் பயன்படுத்தக் கூடாதென்று தீர்ப்பளித்தார். இனம், பால், உச்சரிப்பு என்பவற்றால் அவை கோணிப்போகின்றன என்பது அவர் முன் வைக்கப்பட்ட சாட்சியம். மாணவர் தமது அனுபவத்தைச் சொல்லலாம், அதற்கு அவர்களே தகுந்தவர்கள் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

பெயரில்லாத் தீர்ப்பு என்று சொல்லும்போது எமக்கு ஞாபகம் வருவது சுற்றிவளைப்பு நாட்கள். சாக்குக்குள் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு துவாரம் வைத்து ஜீப்பில் இருத்தப்பட்ட தலையாட்டி. வரிசையில் நின்றவர்களுக்குத் தங்களைத் தீர்ப்பிட்டவர் யாரென்று தெரியாது. பல்கலைக்கழகப் படிவத்தை அதனோடு ஒப்பிடுவது அளவு மீறியது என்பது எமக்குத் தெரியும். ஆனால் பயம் அளவு பார்த்து வருவதில்லை. மறுபக்கமும் எமக்குத் தெரியும். இதைப் போன்ற சஞ்சிகைகளில் எத்தனை கட்டுரைகள், எத்தனை கவிதைகள் புனைபெயரில் வந்தன? சொந்தப் பெயரில் எழுதியிருந்தால் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு என்ன நடந்திருக்கும்? பெயரை மறைத்ததனால்தான் சில உண்மைகள் அச்சேறின. பரீட்சைப் புள்ளி பேராசிரியரின் கையில் இருக்கும்போது மாணவர் பெயரோடு எழுதட்டும் என்று கேட்பது, துவக்கு வைத்திருப்பவனுக்கு முன்னால் மனந்திறந்து பேசு என்று சொல்வதன் சிறிய வடிவம்தான்.

ஆகவே முகமூடி நல்லதா கெட்டதா என்பதல்ல எமது கேள்வி. யார் யாருக்குப் பயப்பட வேண்டியிருக்கின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஹாவார்டில் அந்த எழுபது பேரும் முகத்தைக் காட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் எதிர்த்தது பலமான ஒருவரை. அவரும் பகிரங்கமாகப் பதில் சொன்னார், எவரும் அழிந்துபோகவில்லை. படிவத்திலோ பயப்பட வேண்டிய மாணவர் மறைந்திருக்கின்றார், சரிதான். ஆனால் மறுபக்கத்தில் அவரைவிடப் பலவீனமானவர் ஒருவர் வெளிச்சத்தில் நிற்கின்றார். பேராசிரியரின் கோட்பாட்டைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியுமில்லை. பாரிஸ் மாணவரும் ஹாவார்ட் மாணவரும் கேட்டதை அதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் குறிக்க முடியாது.

படிவத்தின் அடியில் கருத்து எழுதுவதற்கு நாலைந்து வரி இடம் விட்டிருப்பார்கள். ‘இவருடைய உச்சரிப்பு விளங்கவில்லை’ என்று ஒரு பிள்ளை எழுதலாம். ‘மூன்றாம் கிழமை, கேள்வி வளையி ஏன் கீழ்நோக்கிச் சரிகின்றது என்று சொன்ன இடம் எனக்கு விளங்கவில்லை, பஞ்ச காலத்தில் அரிசிக்கும் அது பொருந்துமா என்று கேட்க நினைத்தேன், நேரம் தரவில்லை’ என்றும் எழுதலாம். இரண்டிலும் பெயரில்லை. இரண்டாவதை வாசிக்கும் விரிவுரையாளர் அடுத்த தவணை அந்த இடத்தில் சற்று நின்று, அரிசியைப் பற்றிப் பேசக்கூடும். முதலாவதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?