தேவதைகள் குடித்தது போக...

காமர்ஸ் படித்தவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்ட்ஸில் ஒரு பாடம் ஞாபகம் இருக்கும். 'நார்மல் லாஸ்'. அதாவது, இயல்பான நட்டம். வெல்ல மூட்டையில் கொஞ்சம் எறும்புக்குப் போகும். அரிசி மூட்டையைப் பிரித்தால் நாலு பிடி தரையில் சிந்தும். பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகும். இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அந்தச் செலவை மிச்சமிருக்கும் நல்ல சரக்கின் மேல் ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அந்த அளவைத் தாண்டினால் அது 'அப்நார்மல் லாஸ்'. தனியாக எழுத வேண்டும். ஏன் நடந்தது, யார் பொறுப்பு என்று கேள்வி வரும்.

பரீட்சைக்குப் படித்தபோது இது வெறும் கணக்கு. நியாய அநியாயமும் இதில் இருக்கிறது என்று எனக்கு உறைத்த இடம், ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கி டிஸ்டிலரி.

சிரிக்காதீர்கள். குடிக்கிற இடத்தில் ஞானம் பிறந்தது என்று வேறு யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். கொஞ்சம் கூடவே வாருங்கள்.

ஊர் பெயர் டஃப்டவுன். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், ஸ்பே நதிப் பக்கம். ஜனத்தொகை ரெண்டாயிரம்கூட இல்லை. டிஸ்டிலரி மட்டும் அரை டஜன்! டிக்கெட் வாங்கினால் ஒரு வழிகாட்டி உங்களை உள்ளே கூட்டிப்போவார். முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வருகிற இனிப்புத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டுப் பொங்கவிடுகிறார்கள். அப்புறம் ஆள் உயரத்தைத் தாண்டிய செப்புக் கொப்பரைகளில் ரெண்டு தடவை காய்ச்சி வடிக்கிறார்கள். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் திரும்பக் கொப்பரைக்கே போகும். நடுவில் வருவது மட்டும்தான் பீப்பாய்க்கு. எங்கே வெட்டுவது என்பதில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறதாம்.

அந்தத் திரவம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுகிறது. பெட்டிக்குப் பூட்டு. ஒரு காலத்தில் அரசாங்க எக்சைஸ் அதிகாரியின் பூட்டு இல்லாமல் அந்தப் பெட்டி கிடையாது. 1980-கள் வரை டிஸ்டிலரிக்கு டிஸ்டிலரி ஓர் அதிகாரி உட்கார்ந்து கண்காணித்தார். ஒரு சொட்டு கணக்கில்லாமல் வெளியே போனாலும் வரி போச்சே!

அடுத்து குடோன். இருட்டு, ஈர மண் தரை, வரிசை வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். குறைந்தது மூணு வருஷம் பீப்பாயில் கிடக்காததை ஸ்காட்ச் என்று சொல்லவே சட்டம் அனுமதிக்காது. நல்ல சரக்கு பன்னிரண்டு, பதினெட்டு வருஷம் கிடக்கும். மரம் மூச்சு விடும். வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். 200 லிட்டர் ஊற்றினால் பன்னிரண்டு வருஷம் கழித்து 157 லிட்டர்தான் இருக்கும். பாக்கி 43 லிட்டர்? 'அது தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். ஸ்காட்லாந்து முழுக்க 2 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் இப்படித் தூங்குகின்றன. தேவதைகள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அசல் நார்மல் லாஸ்! இயல்பாக ஆவியானதற்கு அரசாங்கம் வரி கேட்பதில்லை. கணக்குக்கு மீறிக் குறைந்தால்தான் விசாரணை.

வெளியே வந்தபோது குடோன் சுவரெல்லாம் கரி பூசியது மாதிரி கறுப்பாக இருந்தது. பக்கத்து மரங்களும் அப்படியே. "தீ விபத்தா?" என்றேன். இல்லையாம். ஆவியாகும் ஆல்கஹால் இருக்கும் இடத்தில் செழித்து வளரும் ஒரு பூஞ்சை. பாடோய்னியா என்று பெயர். தேவதைகளின் பங்கு என்று நாம் அழகாகச் சொல்வது, ஏதோ ஒரு சுவரில் போய்க் கறுப்பாகப் படிகிறது. காற்றோடு போனது காணாமல் போவதில்லை.

கடைசியில் டேஸ்டிங். டூலிப் பூ மாதிரி குறுகிய வாய் கொண்ட கிளாஸில் கொஞ்சூண்டு ஊற்றுகிறார்கள். முதலில் முகரச் சொல்கிறார்கள். அப்புறம் ரெண்டு சொட்டுத் தண்ணீர். அப்புறம் ஒரு வாய். எதையும் இவ்வளவு நிதானமாக நான் சாப்பிட்டதில்லை. கிளாஸைத் தூக்கும்போது 'ஸ்லாஞ்ச வா' என்கிறார்கள். கேலிக் மொழியில் 'நல்ல ஆரோக்கியம்' என்று அர்த்தம். கார் ஓட்டி வந்தவருக்கு மட்டும் அவர் பங்கைச் சின்ன பாட்டிலில் அடைத்து, வீட்டுக்குப் போய்க் குடியுங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். 2014-ல் ஸ்காட்லாந்து தன் டிரைவர்களுக்கான ரத்த ஆல்கஹால் வரம்பை 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்துவிட்டது.

எவ்வளவு பொறுப்பான மனிதர்கள், இல்லையா?

இப்போது இன்னொரு கணக்கு. 2023-ல் ஸ்காட்லாந்தில் மதுவை மட்டுமே நேரடிக் காரணமாகக் கொண்டு இறந்தவர்கள் 1,277 பேர். 2008-க்குப் பிறகு அதுதான் அதிகம். ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள தேசம். ஒரு நாளைக்கு மூணுக்கு மேல் சாவு. வசதியான பகுதிகளோடு ஒப்பிட்டால், ஏழைகள் வாழும் பகுதிகளில் இந்தச் சாவு விகிதம் நாலு மடங்குக்கும் மேல்.

'அவர்கள் மலிவு வோட்காவும் சைடரும் குடித்துச் செத்தவர்கள். பன்னிரண்டு வருஷ விஸ்கி என்ன செய்யும்?' என்று கேட்கலாம். 'கத்தி செய்கிறவன் கொலைக்குப் பொறுப்பா?' என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள்தான். நேர்த்தியாக வேலை செய்கிற ஒரு கொப்பரைத் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கும் மனசு வராது.

ஆனால், கத்தி உதாரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கத்திக்குத்து அதிகமானால் கத்தி வியாபாரிக்கு லாபம் ஏறாது. மது வியாபாரம் அப்படியா? இங்கிலாந்து பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, மது விற்பனை வருமானத்தில் 68 சதவீதம், அரசு சொல்லும் பாதுகாப்பான அளவுக்கு மேல் குடிப்பவர்களிடமிருந்து வருகிறது என்று கணக்கிட்டது. எல்லாரும் 'பொறுப்பாகக் குடித்தால்' கல்லாப்பெட்டி என்ன ஆகும்? மிகையாகக் குடிப்பவன் இந்த வியாபாரத்தில் எப்போதோ வந்து போகிற விதிவிலக்கு கிடையாது. பெரிய கஸ்டமரே அவன்தான்.

ஸ்காட்லாந்து அரசு 2012-ல் ஒரு சட்டம் போட்டது. மதுவில் உள்ள ஆல்கஹால் அளவுக்கு ஏற்ப ஒரு குறைந்தபட்ச விலை. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. 700 மில்லி, 40 சதவீத பாட்டிலுக்கு 14 பவுண்டு. நிதானமாக முகர்ந்து குடிக்கிற சிங்கிள் மால்ட் அதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்பது. அதற்கு இந்தச் சட்டத்தால் ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் ஸ்காட்ச் விஸ்கி சங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஐரோப்பிய வணிக விதிகளுக்கு இது எதிரானது, வரி போட்டாலே போதும் என்று வாதம். பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் 2017 நவம்பரில் அந்த வாதத்தை நிராகரித்தது. 2018 மே முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட சாவுகள், சட்டம் இல்லாதிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட 13 சதவீதம் குறைந்தன என்று 2023-ல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மொத்த எண்ணிக்கை அப்படியும் ஏறியது. 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச விலையை 30 சதவீதம் கூட்டினார்கள்.

கோர்ட்டுக்குப் போவது அவர்கள் உரிமை. ஆனால் அந்த ஆறு வருஷத்தில் போன உயிர்கள் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன? அதுதான் என் கேள்வி. பீப்பாயில் குறையும் லிட்டருக்கு ரெஜிஸ்டர் உண்டு. அதிகாரி உண்டு. மனிதன் குறைந்தால் மட்டும் 'என்ன செய்ய, குடித்தான், போனான்' என்று ஒரே வரி. நார்மல் லாஸ்.

எது நார்மல் என்பது இயற்கை எழுதிய விதி அல்ல. யாரோ ஒரு மனிதன் கோடு போடுகிறான். இதே டிஸ்டிலரிகளில் 1970-கள் வரை தொழிலாளிகளுக்கு வேலை நேரத்திலேயே தினம் ரெண்டு மூணு தடவை விஸ்கி ஊற்றிக் கொடுத்தார்கள். சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. கொதிக்கும் கொப்பரைப் பக்கம் போதையில் நிற்பது அன்றைக்கு சர்வசகஜம். பிறகு பாதுகாப்பு விதிகள் வந்தன, வழக்கம் நின்றது. அதே மது, அதே கொப்பரை, அதே மனிதர்கள். கோடு மட்டும் இடம் மாறியது. இன்றைக்கு யாராவது அப்படி ஊற்றிக் கொடுத்தால் கேள்வி வரும்.

ஆக, கோட்டை நகர்த்த முடியும். நகர்த்தும் வரைக்கும் 'இது எப்பவும் இப்படித்தான்' என்று தோன்றும். நகர்த்திய பிறகு 'இப்படியா இருந்தோம்!' என்று தோன்றும்.

ஸ்காட்லாந்து சமாசாரம் நமக்கெதற்கு என்று நினைக்கிறீர்களா? நம்ம ஊர்க் கடைகளைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. அதனால் அதை விட்டுவிடுவோம். உங்கள் வீட்டுக் கணக்குப் புத்தகத்தை மட்டும் ஒரு தடவை புரட்டுங்கள். "அவர் ராத்திரி கொஞ்சம் போட்டுக்குவார், மத்தபடி தங்கமான மனுஷன்" என்று ஒரு வரி இருக்கலாம். "பையன் வீட்டில் யாரோடும் பேச மாட்டான், அவன் சுபாவம் அப்படி" என்று இருக்கலாம். "அம்மா தினமும் கடைசியாகத்தான் சாப்பிடுவாங்க" என்று இருக்கலாம். எல்லாமே நாம் 'நார்மல்' என்று எழுதி, கோடு போட்டு மூடிவிட்ட வரிகள்.

அதில் ஒரே ஒரு வரியை எடுத்துத் தனியாக எழுதிப் பாருங்கள். ஏன் நடக்கிறது, யார் பொறுப்பு என்ற கேள்வி தானாக வரும்.