மிச்சம் பிடித்த வெந்நீர்

சிக்கனத்தின் மீது நம்மவர்களுக்கு ஒரு பக்தியே உண்டு. கிழிந்த வேஷ்டி கரித்துணியாகும். கரித்துணியும் நைந்தால் விளக்குத் திரியாகும். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் மிச்சம் பிடித்த காசு யார் கையிலிருந்து வந்தது என்று எப்போதாவது பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் செப்புப் பாய்லர் இன்னும் உயிரோடு இருக்கிறது. நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் நெருப்பு. மட்டையும் கொட்டாங்கச்சியும் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அது புண்ணிய யந்திரம். அந்த வெந்நீரின் இலேசான புகைவாசனையை விரும்பாதவர் உண்டோ! இன்று தோப்புகள் மனைகளாகிவிட்டன. தொழிற்பேட்டையில் கழித்துப் போடும் சாயப் பலகை, ப்ளைவுட், பிளாஸ்டிக் உறை, ரப்பர்த் துண்டு எல்லாம் சும்மா கிடைக்கின்றன. அவையே பாய்லருக்குள் போகின்றன.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன்.

"குப்பைதானே சார்? நான் எரிக்கலேன்னா தெருமுனையிலே எவனாவது கொளுத்தப் போறான். எனக்கு வெந்நீராவது மிச்சம்" என்றார்.

லேசில் தள்ளக்கூடிய வாதமல்ல இது. ஆனால் பாய்லரின் குணமே இங்கே குற்றமாகிறது. சூட்டைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதால் ஜ்வாலை குளிர்ந்து, பாதி எரிந்த புகை மேலே போகிறது. குப்பை எரிக்கும் பெரிய உலைகளில் வாயுவை 850 டிகிரிச் சூட்டில் 2 விநாடியாவது வைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. பி.வி.ஸி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு எழும். டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகலாம். மார்கழி விடியலில் காற்று அசையாது. புகை தெருவிலேயே தங்கும். பெரியவர் வீட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அவர் மிச்சம் பிடிக்கும் காசு அதன் மூச்சிலிருந்து எடுத்தது. கேளாமல் எடுப்பதற்கு நம் பாஷையில் வேறு பெயர் உண்டு.

2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனபோது ஊரே கூச்சலிட்டது. அன்றாடப் புகைக்கு அந்தக் கூச்சல் இல்லை. குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. குளியலறைக்குள் யார் எட்டிப் பார்ப்பது? போலந்தின் கிராக்கோவ் நகரம் 2019 செப்டம்பரிலிருந்து வீட்டு அடுப்புகளில் நிலக்கரியையும் விறகையும் அடியோடு தடுத்துவிட்டது. அடுப்பை மாற்றப் பணமும் கொடுத்தது. அங்கே குளிர் ஆளைக் கொல்லும். இங்கே நமக்கு வெந்நீர் பெரும்பாலும் ஒரு சுகம்.

மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பெருமைப்பட வேண்டாம். அந்த வெந்நீருக்கும் புகை உண்டு. அது அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எழுகிறது. அந்த ஊர்க்காரர்கள் சுவாசிக்கிறார்கள். அங்கே சாம்பலைப் பிடிக்கச் சாதனமும், கேள்வி கேட்க ஒரு வாரியமும் இருக்கின்றன என்பதுதான் வித்தியாசம். ஆகவே பாய்லரையே தூக்கி எறியுங்கள் என்று பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் சாயப் பலகையையும் மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

"மட்டைக்கு எங்கே சார் போறது?"

இளநீர் வண்டிக்காரர் குவித்து வைத்திருந்த கூடுகளைக் காட்டினேன்.

"காய வைக்கணுமே!" என்றார்.

அவருக்கு மொட்டைமாடி இருக்கிறது.