நீத்தாரை நினைக்கும் நெறி

அண்மையில் நம்மைப் பிரிந்தோரை எண்ணி நம் இல்லங்கள் பல துயருறுகின்றன. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. அதில் அவர்தம் குலமோ செல்வமோ குறிக்கப்பெறவில்லை. பெயரும் நோன்புமே கல்லில் நிலைத்தன.

பிரிந்த உயிர் தன் வினைவழியே மறுபிறவி எய்திவிடுகின்றது. நாம் படைக்கும் சோறு அதனைச் சேராது, கண்ணீரும் சென்றடையாது. அழுது புலம்புதல் நமக்கே வினையைக் கூட்டும். ஆயின், அவர்பால் நாம் கொண்ட அன்பை எங்கே வைப்பது? அவர்கள் காத்த விரதத்தில் வைப்போம். இரவுண்ணாமையை இறுதிவரை போற்றிய பாட்டியார்க்கு, கதிர் மறையுமுன் உண்டெழும் பேரப்பிள்ளையே நிசீதிகை.

ஆதலின், ஒவ்வோர் இல்லத்தாரும் மறைந்தவர்தம் விரதம் ஒன்றை இன்றே ஏற்போமாக. அறம் வளர்க!